டிக்கெட் போடுற வேலை இல்ல பாஸ்!

இன்ஜினீயரிங் கிளாஸ்ல போய் 'அடுத்து என்ன?'னு கேட்டுப் பாருங்க. ஐ.டி., எம்.பி.ஏ., அரசுத் தேர்வுனு மூணே பதில்தான் வரும். கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் மட்டும் 'ஊர் சுத்துறதையே வேலையாக்கிட்டா என்ன மச்சி?'ம்பான். உடனே எல்லாரும் சிரிப்போம். சிரிக்காதீங்க பாஸ், அப்படி ஒரு வேலை நிஜமாவே இருக்கு. பேரு, லக்ஸுரி டிராவல் அட்வைசர். ஆனா அங்க ஊர் சுத்துறது அட்வைசருக்காக இல்ல, அடுத்தவங்களுக்காக. மேட்டரே அதுலதான் இருக்கு.

பாரிஸ்லேர்ந்து ஒரு குடும்பம், தாத்தாவையும் கூட்டிக்கிட்டு நம்ம புதுச்சேரிக்கு வருதுனு வெச்சுக்குங்க. காசு பிரச்னை இல்ல. நாள்தான் மூணே மூணு. ஃபிளைட், கார், ரூம் எல்லாத்தையும் செல்போன்ல அவங்களே புக் பண்ணிடுவாங்க. அட்வைசர்கிட்ட வர்ற கேள்விகளே வேற. பழைய பிரெஞ்சு வீட்டை மாத்திக் கட்டின ஹோட்டல்ல, தாத்தாவுக்குக் கீழ்த்தளத்துல ரூம் கிடைக்குமா? ஆரோவில் மாத்ரிமந்திர்ல உள்ளே போய் உட்கார முன்பதிவு வேணுமே, எந்த நாளை அதுக்கு ஒதுக்கலாம்? பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்களே, தாத்தாவை எங்கே இறக்கி விடுறது?

இதுக்கெல்லாம் பதில் தெரியணும்னா நேர்ல போய்ப் பார்த்திருக்கணும். ஒரே நாள்ல நாலஞ்சு ஹோட்டல் ஏறி இறங்கணும். மெத்தை எப்படி, பாத்ரூம் தரை வழுக்குதா, ஜெனரேட்டர் சத்தம் எந்த ரூம் வரைக்கும் கேக்குது... எல்லாத்தையும் நோட்டுல குறிக்கணும். வாசல்ல கடல் 'வா வா'னு கூப்பிடும். நீங்க உள்ளே படிக்கட்டு எண்ணிக்கிட்டு இருப்பீங்க!

வருமானம்? ஹோட்டல் தர்ற கமிஷன், சிலர் வாங்குற திட்டமிடல் கட்டணம், இது ரெண்டுதான் முக்கியம். சிக்கலும் இங்கேதான். எந்த ஹோட்டல் கமிஷன் அதிகமா தருதோ, அதையே தலையில கட்டிடலாம்னு ஆசை வரும். 'இது உங்களுக்குச் சரிப்படாது சார்'னு சொல்லி அந்தக் கமிஷனை விட்டுக் கொடுக்கிறவர்கிட்டதான் அதே குடும்பம் அடுத்த வருஷமும் வந்து நிக்கும்.

சரி, பயண ஆசை எங்கே உதவும்? ஒயிட் டவுன்ல மஞ்சள் சுவர் முன்னாடி நாலு போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறுறவங்கதான் அதிகம். வாய்க்காலைத் தாண்டினா தமிழர் பகுதி. திண்ணை, தூண், முற்றம்னு அது தனி உலகம். அங்கே இருக்கிற வைசியாள் வீதியைப் பழமை மாறாம புதுப்பிச்சதுக்கு, 2008-ல யுனெஸ்கோவோட ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சது. டூப்ளேக்கு துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோட மாளிகையும் இந்தப் பக்கம்தான். 1736-லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரே, அவரேதான். ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் போனா அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினப்போ, ரோமானிய வணிகத்தோட தடயமா மண்பாண்டத் துண்டுகள் கிடைச்சது. இதையெல்லாம் ஆசையாத் தேடிப் பார்த்தவரால மட்டும்தான், அந்தக் குடும்பத்தோட மூணாவது நாளை மறக்க முடியாத நாளா மாத்த முடியும்.

'அதான் ஆப் இருக்கே, இனிமே இவங்க எதுக்கு?'னு கேக்குறீங்களா? 2020 மார்ச் 22-லேர்ந்து இந்தியாவுக்கு வர்ற வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தினாங்க, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி நேரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணினா எடுக்கிற ஆள் வேணும். லக்ஸுரிங்கிறது தங்கக் குழாய் வெச்ச பாத்ரூம் இல்லீங்க, அந்த ஆள்தான்.

இந்தப் பொறுப்புக்குப் பெரிய முதலீடெல்லாம் தேவையில்லைனு காட்டினவர் வி.கே.டி.பாலன். திருச்செந்தூர்க்காரர். வேலை தேடி சென்னைக்கு வந்து எழும்பூர் ரயில் நிலையத்துல படுத்துத் தூங்கினவர். ஒருநாள் ராத்திரி அமெரிக்கத் துணைத் தூதரக வாசல்ல படுத்திருக்கார். விடிஞ்சு பார்த்தா, அவருக்குப் பின்னாடி விசா க்யூ! முன்னால இருந்த அவரோட இடத்தை ஒருத்தர் காசு கொடுத்து வாங்கிக்க, அதுவே தொழிலுக்குப் பிள்ளையார் சுழி ஆச்சு. இன்னொரு தடவை, கப்பல் ஏறக் காத்திருந்த பயணிகளோட ஆவணங்களை ராமேஸ்வரத்துல சேர்க்கணும். மோசமான வானிலையால ரயில் மண்டபத்துலயே நின்னுடுச்சு. ரெண்டு கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் ரயில் பாலத்தைத் தவழ்ந்தே கடந்து போய்க் கொடுத்ததா அவரே சொல்லியிருக்கார். 1986-ல மதுரா டிராவல் சர்வீஸை ஆரம்பிச்சார். 2024 நவம்பர்ல காலமானார். அன்னிக்கு அவர் சுமந்தது பணக்காரங்க பெட்டியை இல்ல, அடுத்தவங்க நம்பிக்கையை. லட்ச ரூபா டூருக்கும் இதே கணக்குதான்.

ஆர்வம் வந்துடுச்சா? புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல சுற்றுலாவுக்குனே தனித் துறை இருக்கு. பிரெஞ்சு கத்துக்க, 1889-லேர்ந்து இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். முழங்கால் வலி இருக்கிற உங்க பாட்டிக்கு, உங்க ஊரையே ஒரு நாள் சுத்திக் காட்ட பிளான் போடுங்க. எங்கே உட்காரலாம், எங்கே நல்ல கழிப்பறை இருக்கு, எத்தனை மணிக்கு வெயில் சாயும்... எல்லாத்தையும் நீங்களே முதல்ல போய்ப் பார்த்துட்டு வாங்க.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினதும் 'அடுத்த வாரம் எங்கடா கூட்டிட்டுப் போற?'னு பாட்டி கேட்டாங்கன்னா, நீங்க பாஸ்!