கோழிக்கு டைல்ஸ் வேணாம், உமி போதும்

கோழிக் கொட்டகைக்கு டைல்ஸ் போடலாமா, கம்பிவலை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம்ம காஞ்சிபுரம் வெயிலுக்கு இரண்டும் வேணாம் என்பதுதான் என் கருத்து. டைல்ஸ்ல கால் வழுக்கும், எச்சம் அப்படியே ஒட்டிக்கும். கம்பிவலை மேல நாட்டுக்கோழி கிளற முடியாது. கனமான கோழிக்குப் பாதம் புண்ணாகும்.

சாதா சிமென்ட் பூச்சு போதும், எலி வளை தோண்டாது. அதன் மேல நெல் உமி. ரைஸ் மில் இருக்கிற ஊர்ல உமிக்கா பஞ்சம்? கடலைத் தோலும் ஆகும். ஆனா நனைஞ்சா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

கனமா போட்டா மெத்தை மாதிரி இருக்கும்னு நினைச்சு ஒரு சித்திரையில அரை அடி போட்டேன். எச்சம் மட்கும்போது சூடு கிளம்பும். கோழிங்க வாயைப் பிளந்துகிட்டு நின்னுச்சு. கோடைக்கு 2 அங்குலம் போதும். ஐப்பசி அடைமழைக்கு 4 அங்குலம் வேணும்.

இன்னொரு தடவை, தண்ணி சிந்தின உமியை மாத்தாம விட்டேன். ரத்தக்கழிச்சல் வந்து குஞ்சுல பாதி போச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தா அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பாருங்க. உருண்டையா நின்னா ஈரம் அதிகம்; அதை மாத்திடுங்க. வெயில் ஏறுமுன்னே தினமும் கிளறி விடுங்க. நெடி உங்க கண்ணை எரிச்சா கோழிக்கும் எரியும்.

பழைய உமியை மட்கவெச்சா வயலுக்கு அடியுரம். டைல்ஸை வயல்ல போட முடியுமா?