வாசல் இல்லாத வீட்டில் ஒரு குருளை

நாயின் குட்டிக்குத் தமிழில் குருளை என்று ஒரு பெயர் உண்டு. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் தொல்காப்பிய மரபியல் இப்பெயரை வகுக்கிறது. பறழ் என்றும் சொல்லலாம் என்கிறது. இந்நூற்பாக்களை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். ஆனால் ஒரு குருளை உண்மையிலேயே எங்கள் வீட்டுக்கு வரப்போகிறது என்று ஆனபோதுதான், பெயரைத் தவிர அதைப்பற்றி வேறெதுவும் நமக்குத் தெரியாது என்பது விளங்கிற்று.

மகள் மூன்றாம் வகுப்பில் தொடங்கிய கோரிக்கை அது. இப்போது பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துவிட்டாள். மறுப்பதற்குக் காரணங்களும் தீர்ந்து போயின. கல்லூரி நண்பர் ஒருவர் வீட்டில் பொமரேனியன் குட்டி போட்டிருக்கிறது. நம் ஊர்களில் பொமரேனியன் என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் இந்திய ஸ்பிட்ஸ் என்னும் இனமே. 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் வந்த வெள்ளை நாயை நினைவிருப்பவர்களுக்கு அதன் உருவம் தெரியும். குட்டிகளுக்கு இன்று ஐந்து வாரம். எட்டு வாரம் நிறையும் வரை தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. அதற்கு முன் விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் சொல்கின்றன. ஆகவே எங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் வீட்டைத் தயார் செய்ய வேண்டும்.

மகள் ஒரு பட்டியல் எழுதினாள். மெத்தை, கூண்டு, கிண்ணங்கள், கழுத்துப்பட்டை, பொம்மைகள், சீப்பு, நகவெட்டி, வாசனைச் சோப்பு என்று இருபத்து மூன்று பொருள்கள். அதைப் படிக்கக் கேட்ட அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏய்யா, நாய்க்குன்னு ஒரு வாசல் வேண்டாமா? இங்க வாசல் எங்க இருக்கு?”

அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். அவ்வீட்டில் சிப்பிப்பாறை நாய் நின்றது. அது ஒருநாளும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை; யாரும் அதை விரட்டியதும் இல்லை. திண்ணையின் கீழ் நிழல் அதனுடையது. மாட்டுக்குத் தொழுவம், கோழிக்குப் பஞ்சாரம், நாய்க்கு வாசல் என்று அவ்வீடு ஒவ்வோர் உயிருக்கும் ஓரிடம் வைத்திருந்தது. நாங்களோ மதுரையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். கதவைத் திறந்தால் படிக்கட்டு. அது பொதுவழி.

இந்தக் கேள்வியை நாம் அனைவருமே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எனத் தமிழ்நாட்டின் பேர்பெற்ற நாயினங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் ஆனவை. காடும் தோட்டமும் வாசலும் கொண்ட வாழ்க்கைக்கு உரியவை. மடியில் அமரும் சிறுநாய் நம் வீட்டு மரபில் இல்லை. அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகே அதன் தேவை நமக்கு ஏற்பட்டது. அதையும் திரையில் பார்த்தே தேர்ந்தெடுத்தோம். 2003இல் ஒரு கைப்பேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாயைக் கண்டு எத்தனையோ வீடுகள் அதை வாங்கின. தட்டை முகம் கொண்ட அந்த நாய் மூச்சுவிடச் சிரமப்படும் என்பதும், வெயில் அதற்கு ஆகாது என்பதும் பலருக்கு வாங்கிய பிறகே தெரிய வந்தன. ஸ்பிட்ஸ் நம் வெயிலை ஓரளவு தாங்கும். எனினும் கோடையில் இரங்கி அதன் முடியை ஒட்ட மழித்துவிடுவது தவறு. அந்த இரட்டை முடியடுக்கு வெயிலிலிருந்து தோலைக் காப்பது. மழித்தால் சில நேரம் பழையபடி வளர்வதும் இல்லை.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு பட்டியலைத் திருத்தினோம். வாங்க வேண்டியவை குறைந்தன. அகற்ற வேண்டியவை கூடின. பழைய நூற்சேலை இரண்டை மடித்தால் மெத்தை ஆயிற்று. எளிதில் கவிழாத எவர்சில்வர் கிண்ணங்கள் இரண்டு போதும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்போடு சேர்த்துக் கட்டும் வார் வாங்கினோம். சிறிய இனங்கள் பலவற்றுக்கு மூச்சுக்குழல் வலுவற்றது. கழுத்தில் கட்டி இழுப்பது நல்லதன்று. தாயிடம் இருக்கும்போது தின்ற அதே தீனியையே முதல் சில நாள்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதால், அதன் பெயரை நண்பரிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். சிறுகுட்டிக்கு ஒருவேளை தவறினாலும் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். நாளுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு தரையோடு தரையாக உட்கார்ந்து வீட்டைப் பார்த்தோம். மின்கம்பிகள் எத்தனை தொங்குகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. பால்கனிக் கம்பிகளின் இடைவெளியில் ஒரு தேங்காய் நுழையும் என்றால் குட்டியும் நுழையும். நைலான் வலை கட்டினோம். சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் எலும்பு முறியக்கூடிய உயிர் அது. ஆகவே ஏறவே பழக்குவதில்லை என முடிவாயிற்று. கைதவறி விழும் மாத்திரை நமக்குச் சிறிய செய்தி. நாய்க்கு ஒரு பாராசிட்டமால் கூட நஞ்சாகலாம். மகளின் சாக்லேட்டும், பொங்கலில் இடும் உலர்திராட்சையும் அப்படியே. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகா என்பதால், மிஞ்சிய சாம்பார்ச் சோற்றை நாய்க்கு வைக்கும் தலைமுறைப் பழக்கமும் இங்கே நின்றது.

பால்கனியில் அம்மா வளர்க்கும் செவ்வரளி இரண்டு தொட்டிகளில் இருந்தது. அன்றாடப் பூசைக்கு அவர் பறிக்கும் பூ அது. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நாயின் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. எதையும் கடித்துப் பார்க்கும் வயதில் ஒரு குட்டி வருகிறது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினோம். மகள்தான் சொன்னாள். “சரி, மொட்டை மாடிக்குக் கொண்டு போங்க” என்றார். முழங்கால் வலியோடு அவரால் மாடியேற முடியாது. இனி அவருக்கு வேண்டிய பூவை வேறொருவர் பறித்துவர வேண்டும். ஒரு நாய் வருவதற்கு இவ்வீட்டில் முதலில் விலை கொடுத்தவர், அதைக் கேட்காத ஒருவரே.

இதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம். குட்டிக்கு வீட்டைத் தயார் செய்வதைப் பற்றிப் பேசுவோர் பொருள்களைப் பேசுகிறார்கள். உழைப்பு யார் தலையில் விழும் என்பதைப் பேசுவதில்லை. இரண்டு மாதக் குட்டியால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குமேல் சிறுநீரை அடக்க இயலாது. காலை எட்டரைக்கு நாங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் எஞ்சுபவர் எழுபத்து நான்கு வயது அம்மா. ஆசை பேத்தியுடையது, படம் எடுப்பது நாங்கள், துடைப்பது ஆச்சி என்று ஆகிவிடும். அதுமட்டுமன்று, கால்களைச் சுற்றி ஓடும் ஒரு சிறுகுட்டி முதியவரை இடறி விழச்செய்ய ஒரு நொடி போதும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் கேட்டோம். நாயின் கழிவைத் துடைப்பது தம் வேலையில் சேராது என்றார். அது நியாயமே.

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதினோம். காலைத் தீனியும் சீவுவதும் மகள். இரவில் எழுவது நாம். தாயைப் பிரிந்த குட்டி முதல் சில இரவுகள் அழும். அருகில் ஒருவர் படுத்திருப்பது அதற்கு ஆறுதல். தடுப்பூசிகள் மனைவியின் பொறுப்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளிகளில் பதினாறு வாரம் வரை அவை தொடரும்; வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்தபின். தொடர் முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கல்லூரிக்கும் பள்ளிக்கும் விடுமுறையான மே மாதத்தில்தான் அழைத்து வருகிறோம். விடுமுறை முடிந்தபின் நண்பகலில் வீட்டுக்கு வந்துபோவது நம் பொறுப்பு.

அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை. எழுதவேண்டாம் என்று நாங்கள்தான் முடிவு செய்தோம். அதைக் கண்டு அவருக்குச் சிறிது வருத்தம் என்றே தோன்றியது. மதியத் தீனியை நாற்காலியில் இருந்தபடியே வைப்பேன், குனிந்து துடைக்கமாட்டேன் என்று தாமே சொல்லித் தம் பெயரைச் சேர்க்கச் செய்தார்.

நாலடியார், யானை போன்றாரின் நட்பை விலக்கி, நாய் போன்றாரின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது. நாயின் நன்றியைப் பாடத்தில் நடத்தும்போது மாணவர்கள் தலையசைப்பார்கள். அந்த நன்றிக்கு உரியவராக நாம் என்ன செய்தோம் என்று எவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. ஓராண்டுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வெள்ளை நாய் திரிந்தது. சடை பிடித்த முடி, கழுத்தில் அறுந்த பட்டை. ஏதோ ஒரு பிறந்தநாளுக்கு வாங்கப்பட்டதாக இருக்கும். தெருநாய்களோடு சேரவும் தெரியாமல், மூடிய கதவுகளின் முன் மாறிமாறி உட்கார்ந்திருந்தது. நாங்களும் கதவைத் திறக்கவில்லை. சில நாள்களில் அதைக் காணவில்லை. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய இனம் அது. குட்டி வரும்போது பதினொன்றாம் வகுப்பில் சேரும் மகள், அது முதுமையடையும்போது எந்த ஊரில் இருப்பாளோ தெரியாது. அப்போது பட்டியலில் எஞ்சும் பெயர்கள் எங்கள் இருவருடையவை என்பதை அறிந்தே ஒப்புக்கொண்டோம்.

சென்ற வாரம் தச்சர் வந்து இரண்டடி உயரத்தில் ஒரு மரத்தடுப்பு செய்து கொடுத்தார். கூடத்தில் பால்கனியை ஒட்டிய மூலையில், ஆறடிக்கு நான்கடி இடத்தை அது வளைக்கிறது. பகலில் குட்டி அங்கே இருக்கும். அம்மாவின் காலடியில் வராது. அம்மாவின் கண்ணிலிருந்து மறையவும் செய்யாது. பொருத்தி முடித்ததும் அம்மா தம் நாற்காலியை அதனருகே நகர்த்திப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

மறுநாள் காலை அத்தடுப்பின் முன் நாலுபுள்ளிக் கோலம் ஒன்று இருந்தது. அரிசி மாவால் இட்டது. நக்கினாலும் ஒன்றும் ஆகாது என்றார்.