திரைக்குப் பின் நின்றோர்

'டாக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடரை நம் கல்லூரி மாணவருட் பலர் அறிவர். காலத்தையும் வெளியையும் கடக்கவல்ல ஒருவர், போலீசாரின் தொலைபேசிக் கூண்டு போன்ற நீலநிற ஊர்தி ஒன்றில் ஏறி, வேண்டிய யுகத்திற்கும் வேண்டிய கோளிற்கும் சென்று மீள்வதே அதன் கதை. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனத்தார் அதனை 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் முதன்முதல் ஒளிபரப்பினர். அதற்கு முந்திய நாளிலேயே அமெரிக்க நாட்டுத் தலைவர் கென்னடி சுடப்பட்டு இறந்தார். மக்கள் கவனமெல்லாம் அத்துயரிற் சென்றமையின், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியையே மீண்டும் ஒருமுறை காட்டினர். இத்தகைய செய்திகளைச் சேர்த்து வைப்பதை வீண் வேலை என எள்ளுவாரும், தமிழ் பயிலும் நுமக்கு இதனால் ஆவதென்னை என வினவுவாரும் உளர். அச்சிறு செய்திகளுள்ளே தீராத வழக்கொன்று அடங்கிக் கிடக்கின்றது என்பதே யாம் கூறும் விடை.

தொடர் தொடங்கிய ஞான்று அதன் தயாரிப்பாளராகிய வெரிட்டி லாம்பர்ட் அம்மையார்க்கு வயது 27. முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேனுக்கு 24. இவர் நம் நாட்டு லக்னோ நகரிற் பிறந்தவர். முதலிற் பதிவு செய்யப்பட்ட பகுதியைக் கண்ட நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், குறைகள் பலவற்றை எடுத்துக்காட்டி, அனைத்தையும் மீண்டும் நடித்துப் பதிவு செய்யுமாறு பணித்தார். அன்று ஒளிபரப்பானது அவ்விரண்டாம் முயற்சியே. இவர்தம் பெயர்களெல்லாம் ஒருவாறு நிலைபெற்றன. எம் நெஞ்சை உறுத்துவது வேறொருவர் வரலாறு.

அத்தொடரின் முகப்பில் எழும் இசையை ஒருமுறை கேட்டார் மறத்தல் அரிது. அதன் மெட்டினை ரான் கிரெய்னர் என்பார் எழுதித் தந்தார். எழுத்தை ஓசையாக்கியவர், பி.பி.சி.யின் ரேடியோபோனிக் பட்டறையிற் பணிபுரிந்த டீலியா டார்பிஷயர் அம்மையார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்றவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் மகளிரை அமர்த்துவதில்லை என்று ஓர் இசைத்தட்டு நிறுவனத்தாரால் திருப்பி அனுப்பப்பட்டவர். விரலை வைத்த அளவில் வேண்டிய ஓசையெல்லாம் தரும் இக்காலத்து மின்னிசைக் கருவி அன்று அப்பட்டறையில் இல்லை. ஆதலின், கம்பி ஒன்றைச் சுண்டி எழுப்பிய ஒலியையும், கருவிகளைச் சோதித்தற்கென வைத்திருந்த பொறிகளின் ஒலியையும் நாடாவிற் பதிந்து, ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய நீளத்தை அளந்து வெட்டி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, அங்ஙனம் ஒட்டிய நாடாக்கள் பலவற்றையும் ஒருங்கே ஓடவிட்டு அவ்விசையை ஆக்கினார். எங்கோ ஒரு சுரம் பிழைத்தபொழுது, நாடாக்களை நடைகூடத்தில் நீள விரித்து, ஒட்டுகள் தம்முள் ஒத்துவாராத இடத்தைத் தேடிக் கண்டனராம். யாப்பிலக்கணத்தில் ஓரசை மிகுந்தால் அழித்தெழுதும் எமக்கே பொறுமை போதுவதில்லை. கத்தியும் ஒட்டுநாடாவும் கொண்டு இசையாத்தவர் பொறுமையை என்னென்பது! முடிவைக் கேட்ட கிரெய்னர், இதனை நானா எழுதினேன் என வியந்து வினவினார் என்றும், பெரும்பகுதி நீரே எழுதினீர் என அம்மையார் விடையிறுத்தார் என்றும் கூறுவர்.

கிரெய்னர் நேர்மையுடையார். ஆக்கியோருள் ஒருவராக அம்மையார் பெயரையும் சேர்த்தற்கு முயன்றார். பட்டறையிலுள்ளார் தனித்தனியே பெயர் பெறுதல் வழக்கமன்று எனப்பட்டமையின் அம்முயற்சி பயன்படவில்லை. திரையில் கிரெய்னர் பெயரும் பட்டறையின் பெயருமே வந்தன.

அதே பட்டறையிலிருந்த பிரையன் ஹாட்ஜ்சன், அந்நீலக் கூண்டு மறைந்து தோன்றுங்காலை எழும் ஒலிக்காகத் தம் அன்னையாரது வீட்டுத் திறவுகோலைப் பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகள்மேல் இழுத்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, டாலெக் என்னும் பகைவரைப் பற்றிச் சிறிது. அவற்றைக் கதையிற் படைத்தவர் டெர்ரி நேஷன். கண்காண வடிவு தந்தவர் நிறுவனத்தின் சம்பளக்காரராகிய ரேமண்ட் கியூசிக். முதலில் அவ்வேலை ரிட்லி ஸ்காட் என்னும் இளைஞர்க்கு ஒதுக்கப்பட்டு, நாள் ஒவ்வாமையாற் கியூசிக்கிடம் வந்தது. (பின்னாளில் 1982-இல் 'பிளேட் ரன்னர்' படத்தை இயக்கிய ஸ்காட் இவரே.) மிளகுப்பொடிக் குப்பியைப் பார்த்தே அவ்வுருவை வரைந்தார் என்பது ஊரார் பேச்சு. அவரோ அதனை மறுத்தார். உணவு மேசையிற் குப்பியை நகர்த்தி, கால் தெரியாது இங்ஙனம் ஊர்ந்து வரவேண்டும் என ஒருவர்க்குக் காட்டியதே உண்மை. உள்ளே நாற்காலியில் அமர்ந்து ஓட்டும் ஆளின் அளவே வடிவிற்கு அடிப்படையாயிற்று. டாலெக் பொம்மைகள் கடைதோறும் விற்றபொழுது நேஷனுக்கு உரிமைப்பங்கு வந்தது. கியூசிக்கிற்கு வந்தது சிறியதோர் அன்பளிப்புத் தொகை. இதற்காக நேஷனைப் பழித்தல் தகாது. அவர் தமக்குரிய உரிமையைக் காத்துக்கொண்டார், அவ்வளவே.

சம்பளம் பெற்றார்க்கு மேலும் உரிமை ஏது என்பர் சிலர். பொருளைப் பொறுத்தவரை அவ்வாதம் முற்றும் பொய்யன்று. கூடமும் கருவியும் நிறுவனத்துடையன, தொடர் தோற்றிருப்பின் நட்டமும் அதனுடையதே. கியூசிக்கின் பெயராவது வடிவமைப்பாளர் என்று திரையில் வந்தது. டார்பிஷயர் அம்மையார்க்கு அதுதானும் இல்லை. ஒரு பெயரை எழுதுதற்கு நிறுவனம் காசொன்றும் செலவிட்டிராது. கூலியைக் கொடுத்துப் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுதல் எவ்வகை வாணிகம்?

அம்மையார் 1973-ஆம் ஆண்டு பி.பி.சி.யை விட்டு நீங்கி, 2001-ஆம் ஆண்டு காலமானார். அத்தொடரின் திரையில் அவர் பெயர் முதன்முதல் தோன்றியது 2013-ஆம் ஆண்டு நவம்பரில், ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கென எடுத்த சிறப்புப் பகுதியில். கியூசிக்கும் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே இறந்துபோயினார்.

விடுதியில் யாம் அச்சிறப்புப் பகுதியைக் கண்ட இரவு, கதை முடிந்து பெயர்கள் வரத் தொடங்கிய அளவிலே நண்பர் ஒருவர் பொத்தானை அழுத்தி வேறொன்றிற்குத் தாவினார். யாமும் தடுத்திலேம். இவ்வரலாற்றைப் படித்தறிந்த பின்னர், மற்றொரு மாலை அதன் இறுதியை மட்டும் மீண்டும் ஓடவிட்டு, அப்பெயர் வருந்துணையும் காத்திருந்தோம். அது திரையில் நின்றது சில நொடிகளே.