ப்ரிங்கா, டேக்கா? தப்பு யாருடையது?

"வீட்டில் தமிழ் பேசுவதைக் குறையுங்கள்" என்று உங்கள் பிள்ளையின் டீச்சர் சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் "சரிங்க மிஸ்" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பாதி என் மேல்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மொழிப் பண்டிதன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கி உத்தியோகத்துக்கு வந்தவன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். மாற்றலில் கொச்சிக்கு வந்து தோப்பும்படியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். மகள் இங்கேதான் ஸ்கூலில் சேர்ந்தாள். பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் மலையாளம், எங்கள் வீட்டில் தமிழ். மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். அதைக் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தோம், மூன்றாம் வகுப்பு வரை.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஆங்கில நோட்டு வந்தது. 'ப்ரிங்', 'டேக்' இரண்டில் எது சரி என்று கோடிட்ட இடத்தில் நிரப்ப வேண்டும். மிஸ் சொல்லிக்கொடுத்த விதி ஒரே வரி: இங்கே என்றால் ப்ரிங், அங்கே என்றால் டேக். ஒரு வாக்கியம் இப்படி: 'ஐ வில் ____ எ கேக் டு யுவர் ஹவுஸ் டுமாரோ.' என் மகள் 'ப்ரிங்' என்று எழுதியிருந்தாள். பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. 'யுவர் ஹவுஸ்' என்பது அங்கே இருக்கிறதாம், அதனால் 'டேக்'தானாம்.

"ஏம்மா ப்ரிங் போட்டே?" என்று கேட்டேன்.

"அவங்ககிட்டதானேப்பா பேசுறேன்? உங்க வீட்டுக்குக் கொண்டு வரேன்னுதானே சொல்லுவேன்? கொண்டு போறேன்னு சொன்னா அவங்க சிரிக்க மாட்டாங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தமிழ்ல யோசிக்காதே. மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்." அதோடு சரி, பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில்தான் மேலே சொன்ன அறிவுரை கிடைத்தது. டீச்சர் நல்லவர்தான், நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர். குழந்தை தாய்மொழியில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறது, அதனால்தான் தப்பு வருகிறது என்றார். நானும் மனைவியும் அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம். "கம் அண்ட் ஈட்", "கோ அண்ட் ஸ்லீப்". பத்து மாதம் ஓட்டினோம். எங்கள் ஆங்கிலம் எங்களுக்கே சகிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பத்து மாதம் கழித்து ஊரிலிருந்து என் அம்மா போன் செய்தபோது, "எப்பத்தா வாரீக?" என்று பேத்தியிடம் கேட்டார். இவள் "நெக்ஸ்ட் மந்த், அப்பத்தா" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். மறுமுனையில் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெல்லக் கேட்டார்: "பிள்ளைக்கு என் மேல ஏதும் கோவமாய்யா?"

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து ஆங்கில இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் தெளிவாகப் போட்டிருந்தது: பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கோ, கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கோ பொருள் வந்தால் 'ப்ரிங்'. அந்த இரண்டும் இல்லாத வேறு இடத்துக்குப் போனால் 'டேக்'. 'கம்', 'கோ' இரண்டுக்கும் இதே கணக்குதான். ஆக, கேட்கிறவர் வீட்டுக்குக் கேக் 'ப்ரிங்'தான் பண்ண வேண்டும். என் மகள் எழுதியது சரி. டீச்சரின் விதி பாதி. தமிழில் யோசித்ததால்தான் பிள்ளை சரியாக எழுதியிருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். அம்மா சமையலறையிலிருந்து "சாப்பிட வா" என்று கூப்பிட்டால் நாம் "இதோ வரேன்" என்கிறோம். ஆங்கிலேயனும் "ஐயாம் கமிங்" என்கிறான். ஸ்பானிஷ்காரர் அந்த இடத்தில் 'போகிறேன்' என்பதற்குரிய சொல்லைத்தான் சொல்வார். ஜப்பானியரும் அப்படித்தான். அவர்கள் ஆங்கிலம் படிக்கும்போது இந்த இடத்தில் தடுமாறினால் நியாயம் உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே தடுமாற்றமே வரக்கூடாது. பால்குடி மறப்பதற்குள் கற்றுக்கொண்டு வந்துவிட்ட விஷயம் இது.

இதில் இன்னொரு வேடிக்கை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே இந்த விஷயம் இருக்கிறது. வருதல், தருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரித்து வைத்திருக்கிறார். அதாவது என்னிடமும் உன்னிடமும் 'வரும்', அவனிடம் 'செல்லும்'. மூன்றாம் வகுப்பு நோட்டில் பிழைபட்ட அதே விதி! அந்த நூல் செல்வதைச் 'செலவு' என்றும் வருவதை 'வரவு' என்றும் சொல்கிறது. ஆயுள் முழுக்க வரவு செலவுக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

எமனோ என்ற அமெரிக்க மொழியியலாளர், நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளையெல்லாம் ஆராய்ந்தவர், திராவிட மொழிகளின் இந்த 'வரு', 'தரு' வினைகளைப் பற்றியே 1945-இல் தனிக் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தின் 'கம்', 'கோ' பற்றி சார்ல்ஸ் ஃபில்மோர் 1971-இல் கலிபோர்னியாவில் சொற்பொழிவே நிகழ்த்தினார். பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து யோசித்த விஷயத்தை நாம் ஒற்றை வரி விதியாக்கி, கூடவே "தமிழ் கெடுக்கிறது" என்று ஒரு பழியையும் போட்டுவிட்டோம்.

கொச்சிக்கு வந்த புதிதில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். கிளையில் ஒரு ஊழியரிடம் "எனிக்கு ஃபார்ம் கொடுக்கு" என்றேன். சிரித்துவிட்டு, "சாரே, எனிக்கு தரூ. அவனு கொடுக்கூ" என்று திருத்தினார். எனக்கும் உனக்கும் 'தரு', அவனுக்குக் 'கொடு'. அதே தொல்காப்பியக் கணக்கு, பள்ளிக்கூடம் போகாத மலையாளி வாயிலும் இன்றைக்கும் பிசகாமல் இருக்கிறது. நாம்தான் எனக்கும் "குடு", அவனுக்கும் "குடு" என்று எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இன்னமும் "தாங்கோ" என்கிறார்கள். இங்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் தூத்தூர்க்காரர்கள், கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், எத்தனை வருஷமானாலும் தங்கள் பேச்சை விடுவதில்லை. ஃபோர்ட் கொச்சி வெளியில் சலவைத் துறையில் இருக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கேயே இருந்தும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மாதச் சம்பளமும் ஏ.சி. அறையும் உள்ள நாம்தான் பத்தே மாதத்தில் விட்டுவிட்டோம்.

"அதெல்லாம் சரி சார், ஆங்கிலம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆங்கிலம் இல்லாவிட்டால் எனக்கே இந்த உத்தியோகம் இல்லை. தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்றும் சொல்ல மாட்டேன். "போயிட்டு வரேன்" என்பதை "ஐ வில் கோ அண்ட் கம்" என்றால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது. நாம் பொருளைக் கொண்டு வருவோம், ஆளைக் கூட்டி வருவோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப்ரிங்'. மாத்திரையை நாம் போடுகிறோம், அவர்கள் 'டேக்' பண்ணுகிறார்கள். இதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எதோடு ஒப்பிட்டுச் சொல்வீர்கள்? ஒப்பிட ஒரு மொழி உறுதியாகத் தெரிந்தால்தானே வித்தியாசம் புரியும்? அவ்வளவு ஏன், அயர்லாந்துக்காரர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு 'ப்ரிங்' பண்ணுகிறேன் என்பார்கள். லண்டன்காரர் அந்த இடத்தில் 'டேக்' என்பார். ஆங்கிலம் பிறந்த பக்கத்திலேயே இந்த நிலைமை.

பிள்ளைக்கு இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான். ஒரே டிபன் பாக்ஸ். காலையில் அம்மா "எடுத்துட்டுப் போ" என்கிறாள், அது 'டேக்'. மிஸ் "எடுத்துட்டு வா" என்கிறார், அது 'ப்ரிங்'. டப்பா ஒன்றுதான், சொல்கிற ஆள் நிற்கும் இடம் வேறு. நம் வங்கிக் கணக்கு மாதிரி. நீங்கள் போட்ட பணம் உங்கள் ஏட்டில் பற்று, எங்கள் ஏட்டில் வரவு. பணம் ஒன்றுதான். ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொண்டாள்.

தாய்மொழி வழியே தொடங்குவதுதான் நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை கொடுத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. வெளிமாநிலத்தில், வெளிநாட்டில் இருக்கும் நமக்குப் பள்ளியில் அது கிடைக்காது. அதனால்தான் வீட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறேன். வீட்டையும் விட்டால் பிள்ளை தமிழ் கேட்க வேறு இடமே இல்லை. எழுத்துக்கு வழியில்லை என்பவர்களுக்கு, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் அமைப்பின் மழலைக் கல்விப் பாடங்கள் இணையத்திலேயே உண்டு. நாங்கள் அதில்தான் 'அ' போடத் தொடங்கியிருக்கிறோம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் சொந்தங்களே, உங்களிடம் யாராவது "வீட்டில் தமிழைக் குறையுங்கள்" என்றால் என் மாதிரித் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்தத் தப்பு, எந்த வாக்கியம் என்று காட்டச் சொல்லுங்கள். நோட்டை வாங்கிப் பாருங்கள். தப்பு பிள்ளையுடையதா, விதியுடையதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள். நான் அடுத்த கூட்டத்தில் இலக்கணப் புத்தகத்தோடு போகப் போகிறேன். சண்டைக்கு இல்லை. அந்தச் சிவப்புக் குறியை மாற்றிப் போடச் சொல்ல. மகளிடம் மன்னிப்பு நான் ஏற்கெனவே கேட்டாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவுக்குப் போன் போட்டோம். தட்டுத்தடுமாறித்தான் பேசினாள், நடுவில் நாலு மலையாளச் சொல் வேறு. ஆனால் வைக்கும் முன்னால் தானாகவே சொன்னாள்:

"அப்பத்தா, லீவுக்கு வரேன். உனக்குச் சக்கவரட்டி கொண்டு வரேன்."

பின்குறிப்பு: சக்கவரட்டி என்றால் பலாப்பழத்தை வெல்லமும் நெய்யும் போட்டுக் கிளறி வைப்பது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதை இவளிடம் இன்னும் சொல்லவில்லை.