பிரஷர் வாஷரும் 'பார்' பைத்தியமும்

எதிர் வீட்டு நண்பர் போன வாரம் வாக்கிங்கில் என்னைப் பிடித்துக்கொண்டார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "சார், வீட்லயே கார் கழுவ பிரஷர் வாஷர் வாங்கலாம்னு இருக்கேன். கடையில 110 பார், 130 பார், 150 பார்னு மூணு வச்சிருக்கான். ரெண்டாயிரம்தான் வித்தியாசம், 150-ஐயே எடுத்துடலாமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அட்டைப் பெட்டியின் மேல் அந்த நம்பரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, வேறு எதையுமே கேட்கத் தோன்றாதபடி செய்துவிடுகிறார்களே, அந்த வியாபாரத்தின் மேல்.

நம் கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். பெட்டியில் போட்டிருக்கும் 130, 150 எல்லாம் பெரும்பாலும் அதிகபட்ச அழுத்தம். வேலை செய்யும்போது இருப்பது அதைவிடக் குறைவு. அது இன்னொரு ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டும். கார் பெயின்ட்டுக்கு 80, 100 பாரே தாராளம். அதற்கு மேல் போவது சிமென்ட் தரைப் பாசிக்கும் லாரிச் சேற்றுக்கும்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பையன் சொன்னான் என்று நானும் பெரிய நம்பராகப் பார்த்து ஒன்று வாங்கினேன். என் மாருதி 800-ன் இடது பக்கக் கதவு, எப்போதோ ஆட்டோக்காரர் இடித்து, டிங்கரிங் செய்து மறுபடி பெயின்ட் அடித்தது. ஊசி மாதிரி ஒற்றைத் தாரையாக வரும் நாஸிலை ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்து பறந்தது. விசிறி போல விரிந்து வரும் நாஸிலைப் போட்டு, ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டிலும் கிட்டே வைத்து அடிக்கக் கூடாது, ரப்பர் உள்ளே நைந்துபோகும். கை, கால் பக்கம் திருப்பவே கூடாது. பேரன் பேத்தி வரும் வீட்டில் இதை விளையாட்டுத் துப்பாக்கி மாதிரி வெளியே போட்டு வைப்பவர்களை என்ன சொல்வது!

சரி, எதைக் கேட்டு வாங்குவது? முதலில் உங்கள் வீட்டுக் குழாயைக் கேளுங்கள். இந்த மெஷின்கள் நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் தண்ணீர் கேட்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார்தான் அழுத்தம். நம் ஒரு மாடி வீடுகளில் அதுவும் தேறாது. 15 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் நிரம்பாவிட்டால் 150 பாரும் வீண்தான். தண்ணீர் போதாமல் ஓடினால் பம்பின் சீல் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, பக்கெட்டிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும் மாடலா என்று கேட்டு வாங்க வேண்டும். கத்திரி வெயிலில் மத்தியானம் ஓட்டாதீர்கள். பல மெஷின்களுக்கு 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஆகாது. நம் கறுப்புத் தொட்டித் தண்ணீரில் மே மாசம் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

"தண்ணி மிச்சமாகும்னு சொல்றாங்களே சார்?" என்றார் நண்பர். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவருக்கு நிச்சயம் மிச்சம். இரண்டு பக்கெட்டும் பழைய பனியன் துணியுமாகத் துடைக்கிறவருக்கு மிச்சம் இல்லை, பத்து நிமிஷம் ஓட்டினாலே நாலு பக்கெட் போய்விடும். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்தக் கோடையில் கார் கழுவுவதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தோமா?

இதுவரை சொன்னதெல்லாம் பெயின்ட்டும் பணமும். நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவன்.

மெஷின் 1500 வாட். ஆறரை ஆம்பியர் இழுக்கும், சின்ன பிளக்கில் போடக் கூடாது. போர்ட்டிகோவில் என் வீட்டில் 15 ஆம்பியர் பாயின்ட் கிடையாது. ஹாலிலிருந்து ஒயர் இழுத்தேன். நீளம் பற்றவில்லை. நடுவில் ஒரு ஜாயின்ட், மேலே இன்சுலேஷன் டேப். அடுத்தவன் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்! அன்று கார் துடைக்க வரும் தம்பி வெறுங்காலோடு நின்றிருந்தான். "பிடிப்பா, சுலபமா இருக்கும்" என்று துப்பாக்கியை நான்தான் அவன் கையில் கொடுத்தேன். தரையெல்லாம் தண்ணீர். ஜாயின்ட் அதில் கிடந்தது. அவன் இன்னொரு கையால் இரும்புக் குழாயைத் திருகப் போனான். "ஐயோ" என்று ஒரு சத்தம்; தூக்கிப் போட்டதுபோல இரண்டடி தள்ளி விழுந்தான். ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான். கை மரத்துப்போனது, ஒரு மணி நேரத்தில் சரியாயிற்று. அவ்வளவுதான் என்று இன்று எழுத முடிகிறது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

எம்.சி.பி. விழவில்லை, விழவும் செய்யாது. அது ஒயரைக் காப்பாற்றத்தான். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஈ.எல்.சி.பி. இப்போது கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்க வேண்டும். 1991-ல் கட்டிய என் வீட்டில் அது இல்லை. உங்களில் பலர் வீட்டிலும் இருக்காது. பாருக்குப் பார் விலை சொல்லும் கடைக்காரர் ஒருவராவது, "வீட்ல அது இருக்கா சார்?" என்று கேட்டதுண்டா? பெட்டியோடு கலர் கலராக நாஸிலும் சோப்பு பாட்டிலும் தருகிறார்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் காசா பணமா?

நண்பர் அந்த வாரம் மெஷின் வாங்கவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து, வாசலுக்கு உயரத்தில் மூடி போட்ட 16 ஆம்பியர் பாயின்ட்டும், போர்டில் ஆர்.சி.சி.பி.யும் வைக்கச் சொல்லியிருக்கிறார். 150-க்கும் 110-க்கும் இருந்த வித்தியாசம் அதற்குப் போகிறது. மேலே கொஞ்சம் ஆகும்தான்.

என் வீட்டிலும் எல்லாம் மாற்றியாயிற்று. ஆனால் கார் துடைக்கிற தம்பி மட்டும் இன்றுவரை அந்த மெஷினைத் தொடுவதில்லை. பக்கெட்டைத்தான் எடுக்கிறான். நானும் வற்புறுத்துவதில்லை.