எட்டாம் வகுப்புப் பையனுக்கு எத்தனை கட்டை?

எங்கள் டோல்கேட் பக்கம் ஏதாவது ஒரு பள்ளியின் மதில் ஓரமாகக் காலை பிரேயர் நேரத்தில் நின்று கேளுங்கள். (கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஹாரனை விட்டால்தான் கேட்கும், அது தனிக் கதை.) தமிழ்த்தாய் வாழ்த்தில் மாணவிகளின் குரல் கணீரென்று வரும். ஆறாம் வகுப்புப் பொடியன்களும் கூடவே கத்துவார்கள். எட்டு, ஒன்பது படிக்கிற பையன்களுக்கு உதடு மட்டும் அசையும். "திமிரு" என்று மைக்கிலேயே திட்டும் விழும்.

அது திமிர் இல்லை. அவர்களுக்கு எட்டாத சுருதியில் பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர்களையே திட்டுகிறோம் என்பதுதான் என் கட்சி.

2021 டிசம்பரில் அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, மோகன ராகத்தில், 55 விநாடியில், இசைத்தட்டு போடாமல் வாயால் பாடவேண்டும் என்றது. நல்ல முடிவு. ஆனால் எந்தக் கட்டையில் தொடங்குவது என்பது பள்ளியில் நம் கையில்தானே இருக்கிறது?

நான் கணக்கு வாத்தியார், பாட்டு வாத்தியார் இல்லை. ஆர்மோனியம் கொஞ்சம் பழக்கம். பொதுவாகப் பெண்களுக்கு 5, 5½ கட்டை. வளர்ந்த ஆண்களுக்கு 1, 1½. சின்ன வயதில் பையன், பெண் இருவர் குரலும் ஏறக்குறைய ஒன்றுதான். 12, 13 வயதில் பையனின் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பெண் பிள்ளைகளுக்கும் இறங்கும், ஆனால் இரண்டு மூன்று ஸ்வரம்தான், வெளியே தெரியாது.

இது ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. மாதக்கணக்கில் இழுக்கும். ஒரே பெஞ்சில் மூன்று விதமான பையன்கள் இருப்பார்கள். ஒருவனுக்கு இன்னும் குழந்தைக் குரல். அடுத்தவன் நடுவழியில்: கீழே 4 கட்டையில் ஆரம்பித்தால் மேலே ஒரு ஸ்தாயியும் இரண்டு ஸ்வரமும் போவான், அதற்கு மேல் பிளிறும். மூன்றாமவன் இறங்கி முடித்தவன். அவனுக்கு மொத்தமே ஒரு ஸ்தாயிக்குச் சற்று அதிகம்தான். 5 கட்டையில் பாட்டை எடுத்தால் இந்த மூன்றாமவனுக்கு மேலேயும் எட்டாது, ஒரு ஸ்தாயி கீழே பாடலாமென்றால் அங்கேயும் தரை தட்டும். பாவம், எங்கே போவான்?

நம் பெரியவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. மகரக்கட்டு என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மைக் இல்லாமல் உச்ச ஸ்தாயியில் பாடின பையனுக்கு மகரக்கட்டு வந்தால் வேஷமே போய்விடும். அங்கே பிழைப்புப் பிரச்சினை. பள்ளியில் என்ன அவசரம்? 13 வயதில் "உனக்குப் பாட்டு வராது, பின்னாடி போ" என்று கேட்டவன் அறுபது வயதிலும் வாயைத் திறப்பதில்லை. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அதே பையன் மத்தியானம் பெஞ்சைத் தட்டிக் கானா பாடுகிறான். சுருதி சுத்தமாக இருக்கிறது. காரணம், பேசுகிற குரலிலேயே எடுக்கிறான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பையனை இருபதிலிருந்து ஒன்று வரை சத்தமாகத் தலைகீழாக எண்ணச் சொல்லுங்கள். பேசுகிற சுருதி தெரிந்துவிடும். அவன் குரலின் அடிமட்டம் அதற்கு இரண்டு மூன்று ஸ்வரம் கீழேதான். பிரேயர் பாட்டை 1 அல்லது 1½ கட்டையில் எடுத்தால் மாணவிகளும் சின்னப் பையன்களும் மேல் ஸ்தாயியிலும், குரல் இறங்கிய பையன்கள் கீழ் ஸ்தாயியிலும் சேர்ந்து பாடலாம். நடுவழியில் இருப்பவனுக்கு முழுப் பாட்டும் எந்தக் கட்டையிலும் ஒத்துவராது. எட்டுகிற இடத்தில் பாடட்டும், தேசிய கீதத்தின் முடிவில் மேல் ஸட்ஜமம் வரும்போது சும்மா நிற்கட்டும். கத்தச் சொல்லாதீர்கள், தொண்டைதான் புண்ணாகும்.

அப்புறம், ஆண்டு விழாவுக்கு கரோக்கி போடுகிற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சினிமாப் பாடகர் பாடின அதே கட்டையில் பிள்ளை பாடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. செல்போனிலேயே சுருதியை இறக்கும் பட்டன் இருக்கிறது. பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவனுக்குச் சரிப்படுகிற வரை அதை அழுத்துங்கள்.