வென்றால் தேசம், தோற்றால் சாதி: ஆடுகளமும் சட்டமும்

டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்திய அணி அர்ஜென்டினாவிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றது 2021 ஆகஸ்ட் 4 அன்று. அன்றே உத்தராகண்ட் மாநிலம் ஹரித்வார் அருகிலுள்ள ரோஷ்னாபாத்தில், வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் பட்டாசு வெடிக்கப்பட்டது. அணியில் தலித்துகள் அதிகம் இருந்ததே தோல்விக்குக் காரணம் என்று ஆதிக்கச் சாதியினர் ஏசியதாக அவருடைய குடும்பத்தினர் காவல்துறையில் புகார் அளித்தனர். நான்கு நாட்களுக்கு முன்புதான், ஜூலை 31 அன்று, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் என்ற இடத்தை வந்தனா பெற்றிருந்தார். சனிக்கிழமை அவர் தேசத்தின் மகள். புதன்கிழமை அவருக்கு எஞ்சியது சாதிப் பெயர் மட்டுமே.

பட்டாசு வெடித்த கைகள் கொண்டாடியது தம் சொந்த நாட்டின் தோல்வியை என்பதையும் கவனிக்க வேண்டும். சாதிப் பெருமிதத்திற்கு முன்னால் தேசப்பற்று எவ்வளவு மெலிந்தது என்பதை அறிய வேறு சான்று தேவையில்லை.

சீருடை ஒருவருக்குப் புதிய அடையாளம் ஒன்றைத் தருகிறது: இந்தியர், மாநிலத்தவர், இன்ன ஊர்க்காரர். அந்த அடையாளத்தைத் தருபவர் யார், விரும்பியபோது திரும்பப் பறித்துக்கொள்பவர் யார் என்பதே நம் கேள்வி. இதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

பால்வங்கர் பாலூ சமார் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர்களின் ஜிம்கானாவில் மைதானப் பணியாளராக, மாதம் நான்கு ரூபாய் ஊதியத்தில் ஆடுகளத்தை உருட்டிச் சீராக்கும் வேலையில் இருந்தார். வலைப்பயிற்சியில் ஆங்கிலேயர்களுக்குப் பந்துவீசியே தேர்ந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரானார். அவரைச் சேர்க்கலாமா என்று புனே இந்து அணியினர் நெடிது விவாதித்தனர். சேர்க்காவிட்டால் ஐரோப்பியர்களை வெல்வது கடினம் என்பதால் சேர்த்தனர். களத்தில் அவர் வீசிய பந்தைப் பிராமண ஆட்டக்காரர்கள் தொட்டார்கள். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு ஓய்வறைக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர். இந்தக் குவளையைத் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அந்த அணியின் பெயர் ‘இந்துக்கள்’ என்பதை மறந்துவிடக் கூடாது. அக்காலப் பம்பாய்ப் போட்டிகள் மத அடிப்படையிலானவை. கோயிலுக்குள் நுழைய முடியாத ஒருவர், ஐரோப்பியர்களை வீழ்த்தும் பொழுதுக்கு மட்டும் இந்துவானார். 1906இல் இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றதில் அவருடைய பந்துவீச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆனால் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு மட்டும் ஆண்டுதோறும் அவரைக் கடந்து சென்றது. பந்துவீசுவது உழைப்பு, தலைமை ஏற்பது அதிகாரம். உழைப்பைப் பெற்றுக்கொண்டு அதிகாரத்தை மறுப்பதற்குச் சாதியச் சமூகத்துக்கு யாரும் பயிற்சியளிக்க வேண்டியதில்லை.

1920இல் பாலூ அணியில் சேர்க்கப்படாமல், தலைமையும் வேறொருவருக்குச் சென்றபோது, அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகினர். இந்திய விளையாட்டு வரலாற்றில் சாதிக்கு எதிரான தொடக்ககால வேலைநிறுத்தங்களில் ஒன்றாக இதை எண்ண வேண்டும். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். பாலூவின் பல்லாண்டுச் சாதனை பெற்றுத்தராத ஒன்றை, தம்பியரின் விலகல் அசைத்துக் காட்டியது.

நம்மவர்கள் பாலூவைக் கொண்டாடும்போது பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் பாலூவும் ஒருவர். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். இதைத் துரோகம் என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்து அணிக்குள் இடம்பெற்றதே வாழ்நாள் வெற்றியான ஒருவருக்கு, உள்ளே நுழைவதே விடுதலை என்று தோன்றியிருப்பது இயல்பு. விளையாட்டு அவருடைய தோளை மட்டுமன்றி அரசியலையும் வடிவமைத்தது. உள்ளே நுழைந்த பிறகும் குவளை தனியாகவே இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை எழுப்பியவர் அம்பேத்கர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தென்மாவட்டங்களின் கபடி அணிகளில் பல தெருவை, அதாவது சாதியை, அடிப்படையாகக் கொண்டவை. வீரர்களின் உடையில் சாதித் தலைவர்களின் படங்கள் இடம்பெறக் கூடாது என்ற நிபந்தனையுடன் போட்டிகளுக்கு அனுமதி வழங்கும் நிலை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஏற்பட்டது. எதிரணியினரைத் தொட்டுத் திரும்பினால் புள்ளி என்னும் விளையாட்டு இது. தீண்டாமை நிலவும் ஊரில் அந்தத் தொடுதலும், அதனினும் மேலாக அந்த வெற்றியும், சிலருக்குப் பொறுக்க முடியாதவை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், பேருந்தில் சென்றுகொண்டிருந்த தலித் பள்ளி மாணவர் ஒருவர் கீழே இழுக்கப்பட்டு அவருடைய கைவிரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் வென்றதே காரணம் என்று அவருடைய தந்தை கூறினார்.

இத்தகைய வன்முறை நிகழ்ந்த பின் நாம் நாடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை. ரோஷ்னாபாத் போன்ற நிகழ்வுகளில், 3(1) பிரிவின் ‘ஆர்’, ‘எஸ்’ உட்பிரிவுகள் இழிவுபடுத்தல் ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நிகழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. வீட்டின் நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் எவரும் இல்லாதபோது நிகழ்ந்தது இதில் அடங்காது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வாசலில் பலரும் காண நிகழ்ந்தால் அடங்கும். ஆனால் சாதிப் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படாமல் ஒருவரை அணியில் சேர்க்காமலிருப்பதையும், மைதானத்திற்குள் விடாமலிருப்பதையும் என்ன செய்வது?

அணித் தேர்வு குறித்துச் சட்டம் பெரிதும் மௌனம் காக்கிறது. மைதானம் குறித்து அப்படியில்லை. அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்தச் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ‘பொதுக் கேளிக்கை இடம்’ என்பதை விளக்கும்போது விளையாட்டையும் வெளிப்படையாகவே சேர்க்கிறது. அத்தகைய இடத்தில் தீண்டாமையின் பெயரால் அனுமதி மறுப்பது 4ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த ‘இசட்ஏ’ உட்பிரிவு, பொதுவளங்களைப் பயன்படுத்துவதையும் பொது இடங்களில் நுழைவதையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆயினும் மைதானம் மறுக்கப்பட்டதற்காக இப்பிரிவுகளின் கீழ் புகார் எழுதிக்கொண்டு வருபவர்கள் அரிது. கிணற்றையும் சுடுகாட்டையும் உரிமையாகக் காணும் நாம், விளையாட்டை இன்னும் பொழுதுபோக்காகவே காண்கிறோம்.

2024இல் தமிழ்நாடு அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கிரிக்கெட் மட்டையும் கைப்பந்தும் வலையும் பொதுப்பணத்தில் வாங்கப்பட்டவை. அவை எந்தக் கட்டடத்தில் உள்ளன, சாவி யாரிடம், எந்தத் தெருப் பிள்ளைகள் கடைசியாகப் பெற்றனர், விளையாடும் நிலம் ஊர்த் தெருவிலா சேரியிலா என்பனவற்றைக் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊரின் அடுத்த கிராம சபையில் கேட்கலாம். கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லலாம். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, உபகரணப் பதிவேட்டின் நகலைக் கேட்டு ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.